மீதி ஒன்று

பந்தயம் கட்டியவன் நான்தான்.
வூச் நகரத்து மூன்றாம் கொதிகலன் கூடம்,
எண்பத்தொன்று, பிப்ரவரி.
சர்க்கரைக்கு அட்டை இருந்தது,
கடையில் சர்க்கரை இருந்தால் அது அதிர்ஷ்டம்.

கரி படிந்த சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினேன்:
இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று
இருபத்தொன்பது வரை பத்துப் பகா எண்கள்.
பெருக்கினால் அறுநூற்று நாற்பத்தாறு கோடியே சொச்சம்.
அது எல்லோருக்கும் வளைந்து கொடுக்கும் எண்,
பத்துப் பேரில் யார் கேட்டாலும்
மிச்சமில்லாமல் பிரியும்.

அதனோடு ஒன்று கூட்டினேன்.
6469693231.
அவ்வளவுதான், முகமே மாறிவிட்டது அதற்கு.
ஏழு வந்து வகுத்தாலும் மீதி ஒன்று.
பதின்மூன்று வந்தாலும் ஒன்று.
இருபத்தொன்பது வந்தாலும்
வாசலில் அதே ஒன்று, கையைக் கட்டிக்கொண்டு.

"இதை எவனாலும் உடைக்க முடியாது" என்றேன்.

தெக்லா வால்வைத் துடைப்பதை நிறுத்தவில்லை.
"அந்தப் பத்துப் பேரால் முடியாது.
எவனாலும் என்று யார் சொன்னது, வின்சென்தி?
ஆறு எண்ணோடு நிறுத்திப் பார்.
முப்பதாயிரத்து முப்பத்தொன்று வரும்.
ஐம்பத்தொன்பது வந்து அதைப் பிளந்துவிட்டுப் போகும்."

"அது பொடியன். இது வேறு."

ஒரு மாதச் சர்க்கரை என்று முடிவாயிற்று.

கூடத்திலிருந்த கணக்குப்பொறியின் சன்னலில்
எட்டு இலக்கம்தான் நிற்கும்.
இவனுக்குப் பத்து.
ஆகவே பழைய படிவங்களின் முதுகில்,
பென்சிலால்.
அரைமணிக்கு ஒருமுறை எழுந்து அழுத்தமானி பார்ப்பாள்,
கட்டத்தில் எழுதுவாள்,
திரும்பி வந்து வகுப்பாள்.

முப்பத்தொன்று: மீதி இருபது.
முப்பத்தேழு: மீதி முப்பது.
நாற்பத்தொன்று: மீதி முப்பத்தாறு.
(அன்று எனக்கு வயிறு கொஞ்சம் கலங்கியது,
ஐந்து குறைந்ததே என்று. அப்படியெல்லாம் குறைவதில்லை,
அருகில் வருவது என்று ஒன்று இந்த விஷயத்தில் கிடையாது.)

ஒவ்வொரு தோல்வியையும் அடித்துவிடாமல்
தேதி போட்டு அடுக்கி வைத்தாள்.
"தோற்றதற்கு எதற்கு இத்தனை அழகான கையெழுத்து?"
பதில் வரவில்லை.
வெளியே பனி. உள்ளே குழாய்கள் முனகின.
நகரம் எங்கள் வெந்நீரில் தூங்கியது.

பதினோராம் நாள் இரவு, மூன்றரை மணி,
ஐம்பத்தாறு எண்கள் திரும்பிப் போன பின்
முந்நூற்று முப்பத்தொன்று வந்தது.
கழித்துக் கழித்துக் கடைசி வரியில்
ஒன்றுமில்லை.
அவள் கத்தவில்லை. பென்சிலைக் கீழே வைத்தாள்.
ஈவு மட்டும் இருந்தது தாளில்:
19545901.

"எட்டே இலக்கம்" என்று பொறியை இழுத்துக்கொண்டாள்.
விடிவதற்குள் ஐந்நூற்று எழுபத்தொன்று சிக்கியது.
எஞ்சியது 34231.

நான் விடவில்லை. "அதையும் உடை பார்க்கலாம்."

"அது உடையாது."

"பார்க்காமலேயா?"

"பார்த்தாயிற்று.
அது உடைந்தால் ஒரு துண்டாவது
நூற்றெண்பத்தைந்துக்குள் இருந்தாக வேண்டும்.
அதற்குள் இருக்கும் எல்லோரும்
முன்பே வந்து தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்."
அடுக்கி வைத்த தாள்களைக் காட்டினாள்.
இருபது, முப்பது, முப்பத்தாறு...
நான் சிரித்த அத்தனை தோல்விகளும்
வரிசையில் நின்று சாட்சி சொல்லின.

சர்க்கரை அட்டையை நீட்டினேன்.
ஈவு கிடைத்தவளிடம் இரக்கம் கிடைக்கவில்லை.
மார்ச் முழுக்க வெறும் தேநீர்.

ஏப்ரலில் ஆய்வாளர் வந்தார்.
பதிவேட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றார்.
மூன்றரை மணிக் கட்டத்தில்
அழுத்தம்: 331.
"இது உண்மையாக இருந்தால்
இந்தத் தெருவே இருந்திருக்காதே" என்றார்.

தெக்லா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள்.
இருந்தது.
"பிழைதான்" என்றாள்.
அவர் சிவப்பு மையில் கோடு போட்டார்.

பழைய படிவங்களின் முதுகில்
என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.